முதல் கம்ப்யூட்டரை நீங்களே அசெம்பிள் செய்ய: ஒன்றோடொன்று சேரும் பாகங்களைத் தேர்ந்தெடுக்கும் முழுமையான வழிகாட்டி

கம்ப்யூட்டர் பாகங்களைப் பொறுத்தவரை, மாடல் பெயரை முழுதாக எழுதினால்தான் அது பெயர். "ஐ5 ப்ராசஸர், 16 ஜிபி ரேம், 500 வாட் எஸ்எம்பிஎஸ்" என்று ஒரு கொட்டேஷன் கையில் இருந்தால், எது எதோடு சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. கோர் ஐ5-14400 என்றால் மதர்போர்டிலேயே (சுருக்கமாகப் போர்டு) மானிட்டரைச் செருகிப் படம் பார்க்கலாம். ஐ5-14400எஃப் என்றால் தனி கிராபிக்ஸ் கார்டு போடும்வரை திரையில் ஒன்றும் வராது. பி760எம் போர்டின் பெயரில் டி4 என்று இருந்தால் அதில் டிடிஆர்4 ரேம் போட வேண்டும். அந்த டி4 இல்லாவிட்டால் பெரும்பாலும் டிடிஆர்5. வேறுபாடு ஓர் எழுத்தில் இருக்கிறது. கொட்டேஷனில் முதலில் விடுபடுவதும் அந்த எழுத்துதான்.

குமரி மாவட்டத்தில் இருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கம்ப்யூட்டர் கடைகள் உண்டு. ஆனால் குறிப்பிட்ட ஒரு போர்டு அல்லது கார்டு வேண்டுமென்றால் திருவனந்தபுரம், திருநெல்வேலி, சென்னை ரிச்சி தெரு, இல்லையென்றால் ஆன்லைன் என்று ஆகிவிடுகிறது. பெட்டியைப் பிரித்த ப்ராசஸரையும் போர்டையும் பல கடைகள் திருப்பி எடுப்பதில்லை. எடுத்தாலும் கூரியரில் போய்வர நாட்கள் ஆகும். பணம் கொடுக்கும் முன்பே எல்லாவற்றையும் தாளில் சரிபார்த்துவிடலாம் என்பதுதான் நல்ல செய்தி. அதற்குத் தேவையான தகவல் முழுவதும் தயாரிப்பாளர்களின் இணையதளத்தில் இருக்கிறது.

ஒரு தாளில் எட்டு வரி எழுதிக்கொள்ளுங்கள்: ப்ராசஸர், கூலர், மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் டிரைவ்), கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி), கேபினெட் (எல்லாம் உள்ளே உட்காரும் பெட்டி). ஒவ்வொன்றுக்கும் எதிரே முழு மாடல் எண் வரும்வரை எதையும் வாங்க வேண்டாம்.

என்ன வேலைக்கு என்பதிலிருந்து தொடங்குங்கள்

பாடம், டைப்பிங், டாலி கணக்கு, ஆன்லைன் வகுப்பு, படம் பார்ப்பது ஆகியவை மட்டும் என்றால் தனி கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. கோர் ஐ3-12100 அல்லது ரைசன் 5 5600ஜி போதும். இரண்டிலும் உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. பிள்ளைகள் அவ்வப்போது கேம் விளையாடுவார்கள் என்றால் இரண்டில் 5600ஜிதான் நல்லது.

கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறவர்களுக்குக் கணக்கு வேறு. இப்போதைய மிரர்லெஸ் கேமராக்கள் பல, 10 பிட் 4:2:2 எச்.265 என்ற மிகவும் சுருக்கப்பட்ட வீடியோ வடிவில் பதிவு செய்கின்றன. அந்தக் கோப்பை டைம்லைனில் திக்கித் திணறாமல் ஓட்ட, அதை ஹார்டுவேரிலேயே பிரித்துப் படிக்கும் வசதி வேண்டும். இன்டெலின் 12, 13, 14ஆம் தலைமுறை ப்ராசஸர்களில் உள்ள கிராபிக்ஸ் இதைச் செய்யும். என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் இந்த வசதி வந்தது; 40 வரிசைக் கார்டுகளில் இல்லை. ஆகவே எடிட்டிங்குக்கு வாங்குகிறவர் சில ஆயிரம் மிச்சம் என்று எஃப் ப்ராசஸரையும் பழைய வரிசைக் கார்டையும் சேர்த்து வாங்கினால் தப்பு. கோர் ஐ5-14500 இந்த வேலைக்கு நல்ல தேர்வு. அதிலுள்ள யுஎச்டி 770 கிராபிக்ஸில் வீடியோ படிக்கும் பகுதி இரட்டையாக இருக்கிறது, 14400இல் ஒன்றுதான்.

கேமிங் முக்கியம் என்றால் ரைசன் 5 7600 போன்ற ஏஎம்5 ப்ராசஸரோடு ஆர்டிஎக்ஸ் 5060 அல்லது ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி கார்டு நன்றாகப் பொருந்தும்.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. "ஐ7 கம்ப்யூட்டர்" என்று மலிவு விலையில் விற்கப்படுபவற்றில் பெரும்பாலும் ஐ7-2600, ஐ7-3770 போன்றவைதான் இருக்கும். இவை 2011, 2012இல் வந்தவை. கூட வரும் எச்61 போர்டு புதிதாகப் பளபளக்கும், ரேம் டிடிஆர்3. இவற்றை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்காது, விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. ஐ3-12100 என்ற சாதாரண ப்ராசஸரே அந்தப் பழைய ஐ7ஐ எல்லா வேலையிலும் முந்தும். இன்டெலில் பெயருக்குப் பின்வரும் எண்ணின் முதல் இலக்கங்கள்தான் தலைமுறை: 12100 என்றால் 12, 3770 என்றால் 3. விற்பவர் "ஐ7" என்று மட்டும் சொன்னால், பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள்.

ப்ராசஸரும் போர்டும்

இந்த ஜோடி சரியாக அமைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ப்ராசஸர் உட்காரும் இடத்துக்கு சாக்கெட் என்று பெயர். சாக்கெட் வேறு என்றால் எந்த வழியிலும் பொருத்த முடியாது.

ஏஎம்டியில் இரண்டைத்தான் நீங்கள் சந்திப்பீர்கள். ஏஎம்4இல் ரைசன் 1000 முதல் 5000 வரை, ரேம் டிடிஆர்4. ஏஎம்5 2022இல் வந்தது, ரைசன் 7000, 8000, 9000 வரிசைகளுக்கானது. ரேம் டிடிஆர்5 மட்டும். இன்டெலில் எல்ஜிஏ 1700 என்பது 12, 13, 14ஆம் தலைமுறைகளுக்கு. இதில் போர்டைப் பொறுத்து டிடிஆர்4 அல்லது டிடிஆர்5. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ 1851, டிடிஆர்5 மட்டும்.

சாக்கெட் பொருந்தினால் மட்டும் போதாது, சிப்செட்டையும் (போர்டின் வசதிகளைத் தீர்மானிக்கும் சிப்) பார்க்க வேண்டும். எல்ஜிஏ 1700இல் எச்610 மலிவானது. ரேம் ஸ்லாட் இரண்டுதான், பெரும்பாலும் எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டி செருகும் இடம்) ஒன்றுதான், ரேமை அதிவேகத்தில் ஓட்டவும் விடாது. ஐ3-12100க்கு இது தாராளம். ஐ5-14500ஐ இதில் போட்டு மணிக்கணக்கில் வீடியோ ரெண்டர் செய்தால் நிலைமை மாறும். அந்த ப்ராசஸருக்குக் குறிக்கப்பட்ட உச்ச மின்சாரம் 154 வாட். ப்ராசஸருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதி மெலிந்த போர்டுகள் அந்தச் சூட்டைத் தாங்காமல் வேகத்தைக் குறைத்துவிடும். எடிட்டிங்குக்கு பி760 போர்டு, அதிலும் சாக்கெட்டைச் சுற்றி, சூட்டை இழுக்கும் அலுமினிய ஹீட்சிங்க் வைத்ததாகப் பாருங்கள்.

கே என்று முடியும் இன்டெல் ப்ராசஸர்களை ஓவர்கிளாக் செய்ய (குறித்த வேகத்துக்கு மேல் ஓட்ட) இசட் வரிசை போர்டு வேண்டும். முதல் கம்ப்யூட்டருக்கு இரண்டுமே தேவையில்லை என்பது எங்கள் கருத்து. கே மாடல்களுக்குக் கூலரும் பெட்டியில் வராது. ஏஎம்டியில் பி650, பி850 போர்டுகள் பெரும்பாலோருக்குப் போதும்.

இனி பயாஸ், அதாவது கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்த மென்பொருள். முதல் முறை அசெம்பிள் செய்கிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்களில் இது முக்கியமானது. போர்டு தயாரான பிறகு வெளிவந்த ப்ராசஸர் என்றால், போர்டிலுள்ள பழைய பயாஸுக்கு அதை அடையாளம் தெரியாது. ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், திரையில் எதுவும் வராது. பி650 போர்டில் ரைசன் 9000, 600 வரிசை போர்டில் இன்டெல் 14ஆம் தலைமுறை, பி450 போர்டில் 5600ஜி ஆகிய மூன்றும் இப்படிச் சிக்கல் தரக்கூடிய ஜோடிகள். போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் போர்டின் பக்கத்துக்குப் போய், அது ஏற்கும் ப்ராசஸர்களின் பட்டியலைத் திறங்கள். உங்கள் ப்ராசஸருக்கு எதிரே எந்த பயாஸ் பதிப்பிலிருந்து ஆதரவு என்று எழுதியிருக்கும். அந்தப் பதிப்பு எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு, கடையில் "இந்த பயாஸ் போட்டுத் தர முடியுமா" என்று கேளுங்கள். ஆன்லைனில் வாங்குவதானால், ப்ராசஸர் இல்லாமலே பென் டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் ஃபிளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டாகப் பாருங்கள். பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யப்பட்டிருக்க வேண்டும்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறையின் சக்திவாய்ந்த மாடல்கள் சில, தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு நாளடைவில் பழுதானதை 2024இல் இன்டெல் ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது. அந்தத் திருத்தம் பயாஸ் வழியாகத்தான் வருகிறது. ஐ7, ஐ9 வாங்குகிறவர்கள் முதல் நாளே கடைசிப் பதிப்புக்கு மாறிவிடுங்கள்.

பாக்ஸ், ட்ரே என்று இரண்டு வகையில் ப்ராசஸர் விற்கிறார்கள். பெட்டியில் வருவதற்குத் தயாரிப்பாளரின் 3 ஆண்டு வாரண்டி உண்டு. ட்ரே ப்ராசஸர் விலை குறைவு. ஆனால் வாரண்டி விற்றவர் தருவது மட்டும், கூலரும் கிடையாது. தொலைவிலிருந்து வாங்குகிற நமக்கு பாக்ஸ்தான் சரி.

கூலர்

5600ஜி, 7600, ஐ3-12100, ஐ5-14500 பெட்டிகளில் கூலர் வரும். 7600எக்ஸ் பெட்டியில் வராது. தனியாக வாங்குவதென்றால் மூன்றைச் சரிபாருங்கள்: உங்கள் சாக்கெட்டுக்கான பிராக்கெட் இருக்கிறதா, கூலரின் உயரம் கேபினெட்டுக்குள் அடங்குமா, முதல் ரேம் ஸ்லாட்டின் மேல் முட்டுமா. எல்ஜிஏ 1200க்கான பழைய கூலரின் துளை இடைவெளி 75 மிமீ. எல்ஜிஏ 1700க்கு 78 மிமீ. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், பூட்டினால் உட்காராது. ஏஎம்4 கூலர்கள் பல ஏஎம்5இலும் பொருந்தும். ஆனால் போர்டுக்குப் பின்னால் தன் சொந்தத் தகட்டை வைக்கும் கூலர்கள் பொருந்தாது, ஏஎம்5 போர்டின் பின்தகட்டைக் கழற்ற முடியாது. நடுத்தரமான டவர் கூலர்கள் 155 மிமீ உயரத்தை ஒட்டி வரும். கேபினெட் எத்தனை மிமீ இடம் தருகிறது என்பது அதன் பெட்டியிலோ தயாரிப்பாளரின் தளத்திலோ இருக்கும்.

ரேம்

டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 பின்தான். நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் இறங்காது. அழுத்தினால் ஸ்லாட் உடையும். லேப்டாப் ரேம் நீளம் குறைந்தது, அதைத் தவறி வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஒரே 16 ஜிபிக்குப் பதிலாக இரண்டு 8 ஜிபி போட்டால் இரட்டைச் சேனலில், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு பாதையில், ஓடும். தனி கார்டு இல்லாத 5600ஜி போன்றவற்றுக்கு இது மிக முக்கியம், ஏனென்றால் அவற்றின் கிராபிக்ஸ் கணினியின் ரேமையே பயன்படுத்துகிறது. இரண்டையும் ஒரே பேக்கில் வாங்குங்கள். இன்று ஒன்று, ஆறு மாதம் கழித்து வேறு பிராண்டில் ஒன்று என்றால், இரண்டும் இணங்கிப் போகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் முதலில் நிரப்ப வேண்டியவை.

ஏஎம்5க்கு 6000 வேகத்தில், எக்ஸ்போ (ஏஎம்டிக்கான ரேம் வேக அமைப்பு) என்று குறித்த இரண்டு குச்சிகள் நல்லது. நான்கு ஸ்லாட்டையும் டிடிஆர்5ஆல் நிரப்பும் ஆசை வேண்டாம்: ரைசன் 7000இல் நான்கு குச்சிகளுக்கு ஏஎம்டி உறுதிதரும் வேகம் 3600தான். 32 ஜிபி வேண்டுமென்றால் இரண்டு 16ஆக வாங்குங்கள்.

2025 இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. பழைய வீடியோவில் கேட்ட விலையை நம்பி பட்ஜெட் போடாமல், வாங்கும் நாளின் விலையை வைத்துப் போடுங்கள்.

எஸ்எஸ்டி

எம்.2 வடிவில், 2280 அளவில், என்விஎம்இ வகை 500 ஜிபி அல்லது 1 டிபி. 2280 என்றால் 22 மிமீ அகலம், 80 மிமீ நீளம். எம்.2 வடிவிலேயே வேகம் குறைந்த சாட்டா வகை எஸ்எஸ்டியும் வருகிறது. போர்டின் ஸ்லாட் என்விஎம்இ மட்டும் ஏற்பதாக இருந்தால் சாட்டா வகை அதில் தெரியவே தெரியாது. ஜென்4 (நான்காம் தலைமுறை) எஸ்எஸ்டியை ஜென்3 ஸ்லாட்டில் போடலாம். வேகம் ஜென்3 அளவுக்கு இறங்கும், வேறு கெடுதல் இல்லை. எடிட்டிங் செய்பவர்கள் பழைய ஹார்டு டிஸ்க்குகளையும் இணைப்பீர்கள் என்பதால் ஒன்று கவனியுங்கள்: சில போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் அணைந்துவிடும். எவை என்று போர்டின் மேனுவலில் இருக்கும்.

கிராபிக்ஸ் கார்டு

கார்டின் நீளம் கேபினெட்டில் அடங்க வேண்டும், அதன் பவர் கனெக்டர் எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்க வேண்டும். ஆர்டிஎக்ஸ் 5060 எடுக்கும் மின்சாரம் 145 வாட், ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி 160 வாட். பெரும்பாலான மாடல்களில் ஒரே ஓர் 8 பின் கனெக்டர்தான். ஆர்டிஎக்ஸ் 5060 போர்டிலிருந்து 8 பிசிஐஇ தடங்களை (கார்டும் போர்டும் தகவல் பரிமாறும் பாதைகளை) மட்டும் பயன்படுத்தும், ஆகவே பிசிஐஇ 3 மட்டும் உள்ள பழைய போர்டில் வேகம் சற்றுக் குறையும். இன்னொன்று: பிறகு கார்டு போடலாம் என்று எண்ணி ரைசன் 5 8500ஜி வாங்காதீர்கள். அது கார்டுக்கு விட்டுத் தருவது 4 தடங்கள்தான்.

கார்டு போட்ட பிறகு மானிட்டர் கேபிளைக் கார்டில் செருக வேண்டும். போர்டில் செருகிவிட்டு "கார்டு வேலை செய்யவில்லை" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் ஏராளம்.

எஸ்எம்பிஎஸ்: இங்கே மட்டும் சிக்கனம் வேண்டாம்

கேபினெட்டோடு சேர்த்து இலவசம்போல் வரும் எஸ்எம்பிஎஸ்ஸின் மேலே 450 அல்லது 500 வாட் என்று எழுதியிருக்கும். அதை நம்பாமல் பக்கவாட்டு லேபிளைப் படியுங்கள். ப்ராசஸரும் கார்டும் மின்சாரம் எடுப்பது 12 வோல்ட் வழியில். அந்த வரியில் உள்ள ஆம்பியரை 12ஆல் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்றால் 216 வாட்தான் உண்மையில் பயன்படும். மேலே 500 என்று எழுதியிருப்பதால் ஒன்றும் கூடாது. நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட் வழி மட்டுமே ஏறக்குறைய முழு 550 வாட்டையும் தரும்.

கணக்கு எளிது. ரைசன் 5 7600 உச்சத்தில் 88 வாட், ஆர்டிஎக்ஸ் 5060 145 வாட், போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாவற்றுக்கும் 75 வாட். கூட்டினால் 308. கார்டு கணநேரம் இதைவிட அதிகம் இழுக்கும் என்பதால் 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் தரம் (மின்சாரம் எவ்வளவு வீணாகாது என்பதற்கான சான்று), 5 ஆண்டு வாரண்டி. கார்டே இல்லாத கணினிக்கு நல்ல பிராண்டில் 450 வாட் போதும்.

கனெக்டர்களை எண்ணுங்கள். போர்டுக்கு 24 பின் ஒன்று, ப்ராசஸருக்கு 4+4 பின் ஒன்று, கார்டுக்கு 6+2 பின் ஒன்று. ப்ராசஸருக்கான 8 பின்னும் கார்டுக்கான 8 பின்னும் ஒன்றுபோலத் தெரியும். வோல்ட் வரும் பின்கள் எதிரெதிர். எளிதாக இறங்காவிட்டால் அழுத்தாதீர்கள். கழற்றி மாட்டும் கேபிள் உள்ள மாடுலர் எஸ்எம்பிஎஸ் என்றால் அதன் பெட்டியில் வந்த கேபிளை மட்டும் பயன்படுத்துங்கள். வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள் அழகாகப் பொருந்தும், ஆனால் பின் வரிசை மாறியிருந்தால் ஹார்டு டிஸ்க்கும் எஸ்எஸ்டியும் ஒரே நொடியில் கருகும்.

கேபினெட், உப்புக்காற்று, ஈரம்

போர்டின் அளவு முதலில்: ஏடிஎக்ஸ் 305க்கு 244 மிமீ, மைக்ரோ ஏடிஎக்ஸ் 244க்கு 244 மிமீ. பெரிய கேபினெட்டில் சிறிய போர்டு போடலாம். அப்போது போர்டின் துளைகளுக்கு நேராக மட்டும் பித்தளை ஸ்டாண்டாஃப் (போர்டைத் தாங்கும் சிறு தூண்) இருக்க வேண்டும். துளை இல்லாத இடத்தில் ஒன்று நின்றால் போர்டின் பின்புறத்தைத் தொட்டு ஷார்ட் ஆகும்.

குளச்சல், முட்டம், கன்னியாகுமரி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று மெல்லிய தகட்டு கேபினெட்டின் விளிம்பையும் ஸ்குரூவையும் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். பெயிண்ட் கனமாகவும் விளிம்பு வெட்டுகளிலும் படிந்தும் இருக்கிறதா என்று பாருங்கள். கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே கணினியை வைக்க வேண்டாம். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே உள்ள வீடுகளில் ஈரம்தான் எதிரி. மாதக்கணக்கில் போடாமல் வைத்த கணினியைவிட தினமும் ஓடும் கணினி உள்ளே உலர்ந்திருக்கும். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆனி, ஆடிக் காற்றில் தூசி அள்ளிக்கொண்டு வரும். அங்கே முன்பக்கம் வலைத்துளை உள்ள, கழற்றிக் கழுவக்கூடிய ஃபில்டர் வைத்த கேபினெட் வாங்கி, காற்றுக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைத் துடைக்கலாம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி மூடிய கேபினெட்டுகள் பார்க்க அழகு. நம் ஊர் வெக்கைக்கு ஒத்துவராது.

விளக்கு ஃபேன் வைத்த கேபினெட் என்றால் 5 வோல்ட் 3 பின், 12 வோல்ட் 4 பின் என்று இரண்டு வகை விளக்கு இணைப்பு உண்டு. 5 வோல்ட் விளக்கை 12 வோல்ட் இணைப்பில் செருகினால் விளக்கு எரிந்துபோகும். போர்டில் எது இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

கரண்ட், இன்வெர்ட்டர், இடி

600 விஏ யுபிஎஸ் என்பது வழக்கமாக 360 வாட்தான் தரும். கார்டு இல்லாத கணினிக்கு அது போதும். மேலே சொன்ன 308 வாட் கணினியோடு மானிட்டரும் சேர்ந்தால் விளிம்புக்கு வந்துவிடும். 1000 விஏ அல்லது அதற்கு மேல் பாருங்கள். கரண்ட் போனதும் யுபிஎஸ் "பீப்" அடிக்கிறது, ஆனால் கணினி அணைந்துவிடுகிறது என்றால் பேட்டரி மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. நல்ல எஸ்எம்பிஎஸ்கள் சில, மலிவு யுபிஎஸ் தரும் கட்டைவடிவ அலையோடு ஒத்துப்போவதில்லை. ப்யூர் சைன் வேவ் யுபிஎஸ் அதற்குத் தீர்வு.

வீட்டு இன்வெர்ட்டரில் கணினியை ஓட்டுவதானால் அதன் பின்புறமுள்ள சுவிட்சை யுபிஎஸ் மோடில் வையுங்கள். கரண்ட் போனபின் எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிக்கும் நேரம் சுமார் 16 மில்லிவினாடி. சாதாரண மோடில் இன்வெர்ட்டர் மாறுவதற்கு அதைவிட அதிக நேரம் எடுத்தால் கணினி ரீஸ்டார்ட் ஆகும்.

சித்திரை, வைகாசி மாலைகளிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் நம் மாவட்டத்தில் இடி மின்னல் கடுமை. சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கை உருவ வேண்டும். லேன் கேபிளையும் உருவுங்கள். ஃபைபர் இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் மோடத்தின் அடாப்டர் வழியே வரும் அதிர்ச்சி லேன் கேபிள் வழியாகப் போர்டுக்குள் நுழையும். எர்த் இல்லாத பிளக்கில் கணினியை மாட்டினால் கேபினெட்டைத் தொடும்போது சுறுசுறுவென்று இருக்கும். எலக்ட்ரீஷியனை அழைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். சில வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இரண்டு பின் கன்வெர்ட்டர் போட்டு ஓட்டுவது அறவே கூடாது.

மானிட்டர்

வீட்டில் இருக்கும் பழைய மானிட்டரில் விஜிஏ மட்டும் இருக்கிறதா? புதிய கார்டுகளில் விஜிஏ கிடையாது. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு மாற்றும் கன்வெர்ட்டர் வேண்டும். எச்610 போர்டுகள் பலவற்றில் விஜிஏ இன்னும் இருக்கிறது.

வாங்கும் இடத்தில்

பில்லில் ஒவ்வொரு பாகத்தின் முழு மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். "மதர்போர்டு 1" என்று மட்டும் எழுதிய பில் வாரண்டிக்கு உதவாது. இன்டெல், ஏஎம்5 போர்டுகளில் பின்கள் போர்டிலேயே இருப்பதால், கடையிலேயே சாக்கெட் மூடியைத் தூக்கி, பின்கள் எல்லாம் ஒரே வரிசையில் மின்னுகின்றனவா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வளைந்த பின்னுக்கு வாரண்டி கிடைக்காது. ஆன்லைன் பார்சல் என்றால் பிரிக்கும்போது முதலிலிருந்து வீடியோ எடுங்கள். அந்தப் பிளாஸ்டிக் மூடியை எறியாதீர்கள், வாரண்டிக்கு அனுப்பும்போது அது இல்லாமல் வாங்க மாட்டார்கள்.

கடையிலேயே அசெம்பிள் செய்து பஸ்ஸில் கொண்டுவருவதானால், கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனிப் பெட்டியில் வையுங்கள். குண்டும் குழியுமான சாலையில் குலுங்கினால் கார்டின் கனம் போர்டின் ஸ்லாட்டை இழுத்துப் பிய்க்கும். கேபினெட்டை, போர்டு கீழே வருமாறு படுக்க வைத்துக் கொண்டுவருவது நல்லது.

முதல் முறை ஆன் செய்யும்போது

டிடிஆர்5 கணினியை முதல் முறை ஆன் செய்தால் திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். போர்டு ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. பதறி அணைத்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். பத்து நிமிடம் பொறுத்தும் வராவிட்டால் போர்டின் ஓரத்தில் உள்ள சிறு விளக்குகளைப் பாருங்கள். பல போர்டுகளில் ப்ராசஸர், ரேம், கிராபிக்ஸ், பூட் என்று நான்கு விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். ரேம் விளக்கு என்றால் ஒரே குச்சியை இரண்டாவது ஸ்லாட்டில் மட்டும் போட்டு, இரு முனையும் "கிளிக்" என்று ஒலிக்கும்வரை அழுத்திப் பாருங்கள். ப்ராசஸர் விளக்கு என்றால் 4+4 பின் கேபிள் மாட்ட மறந்திருக்கிறதா என்பதும், முன்பு குறித்த பயாஸ் பதிப்பும்தான் முதல் சந்தேகங்கள். கிராபிக்ஸ் விளக்கு என்றால் ப்ராசஸரின் கடைசி எழுத்து எஃப்பா என்று பாருங்கள்.

படம் வந்ததும் பயாஸுக்குள் போய் ரேமின் வேகத்தைப் படியுங்கள். 6000 ரேம் வாங்கியிருந்தும் 4800 என்று காட்டும். ஏஎம்டியில் எக்ஸ்போ, இன்டெலில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை ஆன் செய்து சேமித்தால்தான் நீங்கள் காசு கொடுத்த வேகம் கிடைக்கும்.